ஏழரை மணி ஊசி

கேள்வியைத் தயாபரன் பெப்ரவரியில் கேட்டார். பதில் மே மாதம்தான் கிடைத்தது. அதற்காக அவர் தெற்குப் பிரான்சின் மலைகளில் ஐந்து நாள் சைக்கிள் மிதிக்க வேண்டியிருந்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. சொந்த ஊர் சுன்னாகம். பாரிசுக்கு வந்து முப்பது வருடம். அதில் இருபத்தாறு வருடம் ஒரே உணவகத்தின் சமையலறையில் கழிந்தது. மனைவி வதனி, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாள் பின்னேரம், வீட்டுக்குப் பக்கத்துச் சந்தியில் பச்சை விளக்கைப் பார்த்துத்தான் ரோட்டைக் கடந்தாள். வளைந்து திரும்பிய வான் வண்டி ஒன்று அவளைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தயாபரன் கார் ஏறவில்லை, பஸ்ஸும் ஏறவில்லை. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி வேலைக்குப் போய்வந்தார். முப்பது வருடமாகத் தொடாத சைக்கிள், நேராகப் போக மறுத்தது. ஒரு நாள் கால்வாய்க் கரையில் அவர் தள்ளாடிக்கொண்டு போவதைப் பார்த்து ஒரு பெண் தன் சைக்கிளை நிறுத்தினார்.

"அண்ணே, சீட்டு ரொம்பக் கீழ இருக்கு. முட்டி போயிடும்."

பையிலிருந்து ஸ்பானரை எடுத்து அங்கேயே உயர்த்திக் கொடுத்தார்.

அவர் பெயர் அமலோற்பவம். பாண்டிச்சேரிக்காரர். நாற்பத்தாறு வயது, முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு தமிழர்களுக்கு அந்தக் கரையில் சைக்கிள் பழக்குவார். எல்லோருக்கும் அவர் டீச்சர், யாழ்ப்பாணத்து வாயில் ரீச்சர். பதினொரு வயது மூத்தவரான தயாபரனுக்கும் ரீச்சர்தான்.

மேட்டில் எப்போது கியர் மாற்றுவது, இறக்கத்தில் பிரேக்கை எப்படி விட்டு விட்டுப் பிடிப்பது, களைத்தபின் எப்படி மூச்சு விடுவது, எல்லாம் அவரிடம்தான் தயாபரன் கற்றார். ஓட்டிக்கொண்டிருக்கும்போது சில நாள் தயாபரனுக்கு அழுகை வரும். அப்போது ரீச்சர் ஒன்றும் கேட்கமாட்டார். வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வருவார்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு தயாபரன் கேட்டார்.

"வதனியை அடிச்சவன் என்னைப் பாக்க வேணுமாம், ரீச்சர். வக்கீல் சொல்லுறார். நான் போறதோ, விடுறதோ?"

ரீச்சர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"மே மாசம் ஒரு மலைக்குப் போவேன். வருஷா வருஷம் தனியாப் போறது. இந்தத் தடவை நீங்களும் வாங்க."

"கேட்டதுக்குப் பதில்?"

"அங்க."

ரயிலில் சைக்கிள்களை ஏற்றி வலான்ஸ் வரை போனார்கள். அங்கிருந்து மேற்கே, அர்தேஷ் மலைகளுக்குள் ஏறினார்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் பைகள். மேப்பில் சிவப்புக் கோடும் மஞ்சள் கோடும் இருக்க, ரீச்சர் வெள்ளைக் கோடுகளை மட்டும் தேடிப் பிடித்தார். அந்த ரோடுகள் ஒரு டிராக்டர் போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் செஸ்நட் மரங்கள், சாந்து பூசாத கல் மதில்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் ஆடுகளின் கழுத்து மணி. ஏழு கிலோமீட்டருக்கு ஒரு ஊர். ஊர் என்றால் நாலு வீடும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்.

"இண்டைக்கு எத்தினை வாகனம், ரீச்சர்?"

"மூணு. அதுல ஒண்ணு ரொட்டி வண்டி."

தயாபரனுக்கு நெஞ்சு இளகியது. பாரிசில் ரோட்டுக்கு வந்தால் ஒவ்வொரு ஓட்டுநரின் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். இங்கே பார்க்க முகம் இல்லை. மூன்றாம் நாள் ஒரு நீண்ட மேட்டில், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தான் ஏதோ பாட்டை முணுமுணுப்பது அவருக்கே கேட்டது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. எதிர்ப்பக்கம் தெரியாத ஒவ்வொரு வளைவிலும் ரீச்சர் மணி அடித்தார். ஒரு நாளைக்கு நூறு வளைவு வரும். நூறிலும் அடித்தார்.

"ஆரும் இல்லாத ரோட்டிலை ஆருக்கு ரீச்சர் மணி?"

"வர்றவங்களுக்கு."

"ஒருத்தரும் வரேல்லையே."

"இன்னும் வரல."

நாலாம் நாள் பின்னேரம் ஒரு பண்ணை வீட்டில் தங்கினார்கள். சூப்பும் ரொட்டியும் மேசைக்கு வந்தன. களைப்பும் பசியும் சேர்ந்து தயாபரனைப் பேச வைத்தன.

"எல்லா ரோடும் இப்பிடி இருந்திருந்தால் வதனி இருந்திருப்பாள். இப்பிடியான ரோட்டிலை ஆரும் ஆரையும் கொல்லமாட்டினம்."

ரீச்சர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். திரும்ப எடுக்கவில்லை.

"நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பணும் அண்ணே. ஏழரைக்கு ஒரு இடத்துல இருக்கணும்."

நாலு நாளில் ரீச்சர் நேரம் சொன்னது அதுதான் முதல் தடவை.

காலையில் குளிர் விரல்களைக் கடித்தது. ரீச்சர் முன்னால் போனார். கணவாயின் உச்சியில் வழக்கமாக நின்று தண்ணீர் குடிப்பார்கள். அன்று நிற்கவில்லை. மறுபக்கம் இறங்கினார்கள். மூன்றாவது வளைவுக்கு முன் ரீச்சர் மணி அடித்தார், பிரேக்கைப் பிடித்தார், இறங்கி சைக்கிளை மதிலில் சாய்த்தார்.

"இங்கதான் அண்ணே."

"என்ன இங்கை?"

"நான் ஒருத்தரைக் கொன்ன இடம்."

பாண்டிச்சேரித் தமிழில் சில சொற்கள் தயாபரனுக்குப் பிடிபடாது. இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்து, சிரிக்கப் பார்த்தார். ரீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

"பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அப்போ இந்த மலைக்கு நான்தான் வீட்டு நர்ஸ். கார்ல பதினேழு வீட்டுக்குப் போவேன். சீட்டுல மருந்துப் பெட்டி இருந்துச்சு. வளைவுல சரிஞ்சுது. விழாம பிடிக்கக் குனிஞ்சேன். ரெண்டு செகண்ட் இருக்கும். அவர் கீழேருந்து சைக்கிள்ல ஏறி வந்துகிட்டிருந்தார்."

தயாபரன் வளைவைப் பார்த்தார். வளைவில் ஒன்றும் இல்லை. தார், கொஞ்சம் சரளைக்கல், மதிலோரம் மஞ்சள் பூ.

"பேரு ஜில்பேர். அறுபத்தோரு வயசு. அந்த நேரத்துக்கு இந்த ரோட்டுல ஒருத்தரையும் நான் பார்த்ததே இல்ல. அதனாலதான் குனிஞ்சேன்."

"நீங்கள் நர்ஸ். காப்பாத்தேல்லையோ?"

"இருபது நிமிஷம் நெஞ்சை அழுத்தினேன். இங்க போன் எடுக்காது. ஒரு வண்டியும் வரல."

தயாபரனின் காது அடைத்துக்கொண்டது. ரீச்சரின் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. அவர் ரீச்சரின் கைகளைப் பார்த்தார். தன் சீட்டை உயர்த்திய கைகள். முழங்கால் உரிந்தபோது கட்டுப் போட்ட கைகள். முந்தாநாள் அந்தக் கை உரித்துக் கொடுத்த தோடம்பழத்தை அவர் தின்றிருக்கிறார்.

"எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருக்கணும்."

தயாபரன் காத்திருந்தார். ஏதாவது ஒரு காரணம் வரும், பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று நினைத்தார். ஒன்றும் வரவில்லை.

அவர் சைக்கிளில் ஏறினார். கீழே எங்காவது ஒரு ஆறு இருக்கும், ஆற்றோரம் ஒரு ரயில் நிலையம் இருக்கும். அவ்வளவுதான் யோசித்தார். மிதிக்கத் தேவையில்லாத இறக்கம். காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. அந்த வான்காரனின் முகத்தை அவர் கோர்ட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தார். இப்போது அந்த முகத்தை நினைக்கப் பார்த்தால் ரீச்சரின் முகம் வந்தது. ரீச்சரை நினைத்தால் அவன் வந்தான்.

ஒரு கிலோமீட்டர் கீழே நாலு வீடுகள் வந்தன. தண்ணீர்த் தொட்டியைக் கண்டதும் பிரேக் பிடித்தார். சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோரம் குனிந்து வாந்தி எடுத்தார். பிறகு குழாயில் முகத்தைக் கழுவினார்.

நிமிர்ந்தபோது எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். எழுபதை நெருங்கும் வயது, ரப்பர் பூட்ஸ், தடித்த கண்ணாடி. பிரெஞ்சில் கேட்டார்.

"நீங்கள் நர்ஸோடு வந்தவரா?"

தயாபரன் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏழரை ஆகிறது. எங்கே அவள்?"

"மேலே. வளைவில்."

"அங்கே நின்றுவிட்டாளா? நான் இன்னும் சாப்பிடவில்லை." அந்தப் பெண் எரிச்சலோடு ரோட்டின் மேல்பக்கம் பார்த்தார். "ஊசி போட்டால்தான் நான் சாப்பிடலாம். அது அவளுக்குத் தெரியும்."

"நீங்கள்?"

"சொலான்ஷ். அந்த வளைவில் இறந்தவர் என் புருஷன்."

தயாபரன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கல் ஈரமாக இருந்தது. சமையலறையில் பழகிய பிரெஞ்சுதான் அவருடையது. இதைக் கேட்பதற்கான சொற்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருந்தது.

"நீங்கள் அவரை மன்னித்துவிட்டீர்களா, மதாம்?"

"இல்லை."

காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

"பிறகு எப்படி...?"

"எனக்கு நீரிழிவு. கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது, ஊசியில் இருக்கும் அளவுக் கோடு தெரியாது. ஜில்பேர்தான் தினமும் போட்டுவிடுவார். அவர் போனபிறகு யார் போடுவது? இந்த மலைக்கு இருந்த ஒரே நர்ஸும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே அழுதுகொண்டிருந்தாள். பதினேழு வீட்டுக்கும் ஆள் இல்லை. மேல்வீட்டுக் கிழவருக்குக் காலில் புண் வைத்துப் புழு பிடித்தது. நான் அவளுக்கு ஆள் அனுப்பினேன். நாளை ஏழரைக்கு வா என்றேன்."

"வந்தாரா?"

"வந்தாள், நடந்து, பிந்தி. லைசென்சைப் பிடுங்கிவிட்டார்கள், நடந்து வந்தால் ஏழரைக்கு முடியாது என்றாள். ஜில்பேரின் இன்னொரு சைக்கிள் இந்தக் கொட்டகையில் நின்றது. அதை எடுத்துக்கொள் என்றேன்."

தயாபரன் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தார். அதில் கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

"அவளுக்கு ஓட்டத் தெரியாது" என்றார் சொலான்ஷ்.

"ரீச்சருக்கா?" சொல் தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் கேட்டார். "அவருக்கா? சைக்கிளா?"

"மூன்று நாள் தள்ளிக்கொண்டு ஒன்பது மணிக்கு வந்தாள். நாலாம் நாள் ஏறினாள். அதோ, அந்த இறக்கத்தில் விழுந்தாள். எழுந்து ஏறி, திரும்ப விழுந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"ஓடிப்போய்த் தூக்கவில்லையா?"

"விழட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஆட்டுக் கொட்டிலில் ஏதோ முட்டும் சத்தம் கேட்டது. சொலான்ஷ் அந்தப் பக்கம் ஒரு அதட்டல் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"இரண்டு மாதத்தில் நன்றாக ஓட்டினாள். பதினேழு வீட்டுக்கும் அதிலேயே போனாள். ஐந்து வருடம். பனி விழுந்தால் தள்ளிக்கொண்டு வருவாள். பிறகு கார் வைத்திருக்கும் வேறு நர்ஸ் வந்தாள். நீ போகலாம் என்றேன், போனாள்."

"ஐந்து வருடம் தினமும் என்ன பேசினீர்கள்?"

"சர்க்கரை எவ்வளவு என்று அவள் சொல்வாள். கையை நீட்டு என்றால் நீட்டுவேன். வேறென்ன பேச?"

"இன்னும் ஏன் வருகிறார்?"

"அவர் இறந்த இந்த ஒரு நாள் மட்டும் புது நர்ஸை நான் வரவேண்டாம் என்பேன். இவள் வரவேண்டும்."

"அவருக்காகவா, மதாம்? உங்களுக்காகவா?"

சொலான்ஷ் தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து தயாபரனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார்.

"எனக்குப் பசிக்கிறது" என்றார்.

மேலே வளைவில் மணி கேட்டது. ரீச்சர் இறங்கி வந்தார். தொட்டியருகே தயாபரனைக் கண்டதும் ஒரு கணம் நின்றார், பிறகு பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தயாபரன் வாசற்படியிலேயே நின்றார். போய்விட நினைத்தார். கிடந்த சைக்கிளை எடுக்கவில்லை.

ரீச்சர் சமையலறைக் குழாயில் சோப்புப் போட்டுக் கைகழுவினார். முழங்கைவரை கழுவினார். சொலான்ஷ் மேசைமுன் உட்கார்ந்து விரலை நீட்டினார். ஒரு துளி இரத்தம் எடுத்து ரீச்சர் கருவியைப் பார்த்தார்.

"நூற்றெண்பது."

சொலான்ஷ் கம்பளிச் சட்டையை உயர்த்தி வயிற்றின் ஓரத்தைக் காட்டினார். வெளிறிய தோல், அதில் பழைய ஊசிகளின் நீலப் புள்ளிகள். தயாபரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். ரீச்சரின் இடக்கை அந்தத் தோலைக் கிள்ளிப் பிடித்திருந்தது. வலக்கையில் ஊசி. ஜில்பேரின் நெஞ்சை இருபது நிமிடம் அழுத்தியதும் அதே கைகள்தான். கை நடுங்கவில்லை. சொலான்ஷின் வாய் மட்டும் இறுகியிருந்தது, ஊசி இறங்கும்போதும், எடுத்த பிறகும்.

ரீச்சர் பஞ்சை அழுத்திப் பிடித்து மனதுக்குள் பத்துவரை எண்ணினார். சட்டையை இறக்கிவிட்டார்.

சொலான்ஷ் ரொட்டியை எடுத்து வெட்டினார். மேசையில் ஒரு கிண்ணம் காப்பிதான் இருந்தது. இன்னொரு கிண்ணம் வைக்கவில்லை. ரீச்சரும் அதை எதிர்பார்த்ததுபோலத் தெரியவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அடுத்த வருடம் ஏழரைக்கு வா" என்றார் சொலான்ஷ், வாயில் ரொட்டியோடு. "மேலே நின்று நேரத்தைக் கழிக்காதே."

"சரி, மதாம்."

இருவரும் சைக்கிள்களை எடுத்தார்கள். ஏறவில்லை, தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தயாபரன் ரோட்டின் அந்த ஓரம், ரீச்சர் இந்த ஓரம். நடுவில் ஒரு கார் போகும் இடம் இருந்தது. ஒன்றும் வரவில்லை. ரீச்சர் வேகத்தை அவருக்கேற்ற மாதிரி வைத்துக்கொள்வது தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இனி ஞாயிற்றுக்கிழமையிலை நான் வருவனோ தெரியாது, ரீச்சர்."

"சரிங்க அண்ணே."

"எனக்குப் பாடம் படிப்பிக்கத்தான் இதெல்லாம் காட்டினனீங்களோ?"

"இல்ல. இன்னைக்கு அவங்களுக்கு ஊசி. நீங்க ஒண்ணு கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வீடுதான்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். வெயில் மரங்களுக்கு மேல் ஏறியிருந்தது. தயாபரனின் கைகள் இன்னும் குளிர்ந்தே கிடந்தன. ஹாண்டிலை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"நீங்கள் அவவிட்டை மன்னிப்புக் கேக்கேல்லையோ?"

"முத நாளே கேட்டேன். அந்த வாசல்ல மண்டி போட்டு."

"அவ என்ன சொன்னவ?"

"'அதை வச்சு நான் என்ன செய்யறது'ன்னு கேட்டாங்க. அப்பதான் சைக்கிளைக் காட்டினாங்க."

தயாபரன் நின்றுவிட்டார். ரீச்சரும் நின்றார்.

"அவன் என்ரை முன்னாலை வந்து இருந்தால்," என்றார் தயாபரன், "நான் அவனிட்டை என்னத்தைக் கேக்கிறது?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

தயாபரன் வாயைத் திறந்தார். அவனுக்கு என்ன நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இரண்டு வருடமாக அதை ஒவ்வொரு விதமாக யோசித்து வைத்திருந்தார். தனக்கு என்ன வேண்டும் என்று தேடினால் ஒன்றும் கைக்கு வரவில்லை.

ரீச்சர் காத்திருந்தார். பிறகு சைக்கிளில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சொன்னார்.

"அது தெரிஞ்ச பிறகு போங்க அண்ணே. தெரியாமப் போனா, அவனும் வெறும் மன்னிப்பைத்தான் கொண்டாந்து உங்க கையில வைப்பான். அதை வச்சு நீங்க என்ன செய்வீங்க?"